ஒரே தூக்க மாத்திரை... பெண்களுக்கு மட்டும் ஏன் பாதி டோஸ்? மருத்துவ ஆய்வுகளில் என்ன சிக்கல்?

ஜோல்பிடெம். அமெரிக்காவில் 1992 கடைசியில் அனுமதி வாங்கிய தூக்க மாத்திரை. ஆணோ பெண்ணோ, 10 மில்லிகிராம்னுதான் வழக்கமா எழுதிக்கொடுத்தாங்க. 20 வருஷம் கழித்து, 2013 ஜனவரியில், அந்நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒரு அறிவிப்பு வெளியிட்டது: பெண்களுக்கு டோஸை 5 மில்லிகிராமாகக் குறைக்க வேண்டும்.

காரணம்? மாத்திரை போட்டு சுமார் 8 மணி நேரம் ஆன பிறகும், வண்டி ஓட்டுவதைப் பாதிக்கக்கூடிய அளவுக்கு மருந்து ரத்தத்தில் மிச்சம் இருந்தது. பெண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு அப்படி. ஆண்களில் 3 சதவீதம் பேருக்குத்தான். ராத்திரி தூங்கி எழுந்து, காலையில் காரை எடுத்துக்கொண்டு ஆபீஸ் கிளம்பும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்க. தூக்கம் தெளிஞ்சிடுச்சுன்னு அவர் நினைப்பார். மருந்து இன்னும் வேலை பார்த்துக்கிட்டிருக்கும்!

பெண்களை ஏன் ஒதுக்கினாங்க?

கர்ப்பிணிகளுக்கு வாந்தி, குமட்டலுக்காகக் கொடுக்கப்பட்ட தாலிடோமைடு மருந்தால், உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை, கால் குறைபாட்டோடு பிறந்தன. அந்த பயத்தின் தொடர்ச்சியாக 1977-ல் எஃப்.டி.ஏ. ஒரு வழிகாட்டுதல் போட்டது. கர்ப்பமாக வாய்ப்புள்ள பெண்களை மருந்துகளின் ஆரம்பகட்டப் பரிசோதனையில் சேர்க்க வேண்டாம் என்றது. கருத்தடை மாத்திரை எடுப்பவர், தனியாக வாழ்பவர், கணவருக்கு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆனவர்னு எல்லாருமே இதில் அடக்கம். பாதுகாக்கணும்ங்கிற எண்ணம் நல்லதுதான். ஆனா மருந்து கடைக்கு வந்ததும் அதே பெண்கள்தானே சாப்பிடப் போறாங்க?

1993-ல் இந்தத் தடை விலக்கப்பட்டது. அமெரிக்க அரசு நிதியில் நடக்கும் ஆய்வுகளில் பெண்களையும் சேர்க்கணும்னு அதே ஆண்டு சட்டமும் வந்தது.

2001-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு ஒரு கணக்கு சொன்னது. 1997-க்குப் பிறகு சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்ட 10 மருந்துகளில் 8, பெண்களுக்கே அதிக ஆபத்தாக இருந்தன. இதில் ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லணும். அந்த 8-ல் 4 மருந்துகளை பெண்கள்தான் அதிகம் சாப்பிட்டாங்க, அதனாலயும் பாதிப்பு கூடியிருக்கலாம். மற்ற 4 மருந்துகளை இரு பாலரும் பரவலாகச் சாப்பிட்டும், பெண்களுக்கே அதிக பாதிப்பு.

சேர்த்துட்டா போதுமா?

போதாது. ஆஸ்பிரின் கதையைப் பாருங்க. 22,071 டாக்டர்களிடம் நடந்த பெரிய அமெரிக்க ஆய்வு, ஆஸ்பிரின் எடுத்தால் முதல் மாரடைப்பு ஆபத்து 44 சதவீதம் குறையுதுன்னு சொன்னது. முழு முடிவு 1989-ல் வெளியானது. அந்த டாக்டர்கள் அத்தனை பேரும் ஆண்கள்!

பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு வர 2005 ஆனது. 39,876 பேர், சுமார் 10 ஆண்டுகள். மாரடைப்பில் சொல்லும்படியான குறைவு இல்லை. ஆனா பக்கவாதம் 17 சதவீதம் குறைஞ்சது. டோஸ் வேறுபட்டது என்பதால் ரெண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் இப்படி யோசிங்க: ஆண், பெண் எல்லாரையும் கலந்து ஒரே ஆய்வு நடத்தி, ஒரே சராசரி எடுத்திருந்தால்? 'ஓரளவு பலன் உண்டு'ன்னு ஒரு வரி வந்திருக்கும். யாருக்கு எந்த பலன்னு தெரிஞ்சே இருக்காது.

அதனால ஒரு ஆய்வை எடைபோடும்போது, எத்தனை பெண்கள் இருந்தாங்கன்னு மட்டும் கேட்டா பத்தாது. முடிவுகளைத் தனித்தனியா கொடுத்திருக்காங்களா என்பதுதான் முக்கியமான கேள்வி. ஐரோப்பிய அறிவியல் இதழாசிரியர்கள் சங்கம் 2016-ல் வெளியிட்ட 'சேஜர்' வழிகாட்டுதல் இதைத்தான் கேட்கிறது. ஆண்களை மட்டும் வைத்து ஆய்வு நடத்தினால், அதைத் தலைப்பிலேயே சொல்லிடணுமாம்.

உடம்பு வேற, வாழ்க்கை வேற

இன்னொரு குழப்பமும் இருக்கு. ஹார்மோன், குரோமோசோம் எல்லாம் உடல் சார்ந்த வேறுபாடு. வீட்டில் யார் என்ன வேலை செய்யறாங்க என்பது சமூகம் கொடுத்தது. ஆய்வுகள் ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிடுது. நம்ம ஊர் விறகு அடுப்பையே எடுத்துக்கோங்க. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு சிகரெட் மட்டும் காரணமில்ல, அடுப்புப் புகையும் காரணம். "சிகரெட் பிடிப்பீங்களா?"ன்னு மட்டும் கேட்கிற ஆய்வு, 30 வருஷமா அடுப்பு ஊதின அம்மாவை 'புகைப் பழக்கம் இல்லாதவர்'னு எழுதிட்டுப் போயிடும்.

எல்லா வித்தியாசத்துக்கும் ஆண், பெண் என்பதே காரணம்னும் சொல்ல முடியாது. ஜோல்பிடெமையே 2014-ல் ஐரோப்பாவும் ஆராய்ந்தது. பெண்களுக்குத் தனி டோஸ் வைக்க ஆதாரம் போதலைன்னு சொல்லி, 10 மில்லிகிராமையே தொடரவிட்டது.

இந்தியாவில் இது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மாத்திரை. வீட்டில் யாராவது சாப்பிடுறாங்கன்னா, நீங்களா பாதியா உடைச்சுக் கொடுக்காதீங்க. மெதுவாகக் கரையும் வகையை உடைத்தால் மருந்து ஒரேயடியா உடம்பில் இறங்கிடும். அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் டோஸ் பற்றிக் கேளுங்க. காலையில் வண்டி ஓட்டுறவங்கன்னா, அதையும் மறக்காம சொல்லிடுங்க.