916 முத்திரையும் முந்திரிக் கணக்கும்

லண்டன் அப்பர் டூட்டிங் ரோட்டு நகைக்கடைகளில் நம்மவர்கள் இன்றும் பவுனில்தான் பேசுகிறார்கள். தாலிக்கொடி எத்தனை பவுன், காப்பு எத்தனை பவுன் என்பதே கேள்வி. கடைக்காரர் கிராமில் நிறுத்து எட்டால் வகுத்துச் சொல்வார். நகையின் உட்புறத்தில் 916 என்று முத்திரை இருக்கும்.

அந்த 916 ஒரு பின்னத்தின் தசம வடிவம். 22 கரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம், சுருக்கினால் 11/12. வகுத்துப் பார்த்தால் 0.91666 என்று ஆறு முடிவின்றி ஓடும். ஆயிரத்துக்கு இத்தனை என்று மூன்று இலக்கத்தோடு நிறுத்தியதில் மிச்சம் கழிந்துவிட்டது. 14 கரட்டில் நேர்மாறு: 14/24 என்பது 0.58333, முத்திரையோ 585. 9 கரட் மட்டும் மிச்சமில்லாமல் 375 ஆகிறது, அதாவது 3/8. இங்கிலாந்து 1854இல் 9 கரட்டை அனுமதித்தபோதே 9 என்பதோடு .375 என்றும் பொறிக்க வைத்தது. பணத்தை மட்டும் 1971 பெப்ரவரி 15 வரை பவுண்டுக்கு 20 சிலிங், 240 பென்ஸ் என்றே எண்ணிவந்தது. இலங்கையில் ரூபாய்க்கு நூறு சதம் வந்தது 1872இல். இந்தியாவில் நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1இல்.

240 பென்ஸை மூவர் பங்கிட்டால் ஆளுக்கு 80. நூறு பென்ஸைப் பங்கிட்டால் ஒன்று மிஞ்சும். பத்தின் பகாக் காரணிகள் 2, 5 இரண்டும்தான். சுருக்கிய பின்னத்தின் பகுதியில் 3 காரணியாக இருந்தால் தசமம் முடியாது. 24இன் தொல்லையும் இதுவே.

இந்த இடத்தில்தான் நம் பழைய கணக்கின் அருமை தெரிகிறது. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி வழியாக மனப்பாடம் செய்வித்த பின்னங்களின் அடி முந்திரி, 1/320. 320 என்பது ஆறு இரண்டும் ஓர் ஐந்தும் பெருகிய எண். ஆகவே முந்திரி 0.003125, காணி 0.0125, மா 0.05, வீசம் 0.0625, எதுவும் முடிவின்றி ஓடுவதில்லை. மூன்று வீசம் பெரிதா, நாலு மா பெரிதா? முந்திரியாக்கினால் 60, 64. தசமமாக்கினால் 0.1875, 0.2. இரண்டு வழியும் ஒரே விடையைத் தருகின்றன. முந்திரி வழியில் புள்ளியே தேவையில்லை.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராசராசன் கொடுத்த பொன்னை ஆடவல்லான் என்ற கல்லால் நிறுத்து, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று பதிந்திருக்கிறார்கள். கழஞ்சுக்கு 20 மஞ்சாடி, மஞ்சாடிக்கு 2 குன்றி. ஆக மஞ்சாடி கழஞ்சில் ஒரு மா, குன்றி அரைமா. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய இந்த எடைகளை இன்று ஒரு சிறுவன் 0.05, 0.025 என்று தயங்காமல் எழுதிவிடலாம்.

தரத்துக்கு உரைகல்லும் மாற்று என்ற அளவும் இருந்தன. சுத்தத் தங்கம் பத்தரை மாற்று. 22 கரட்டை அதில் சொன்னால், பத்தரையில் 12க்கு 11 பங்கு: ஒன்பதரையே அரைக்கால் மாற்று, மிச்சம் எதுவுமில்லை. ஆயிரத்தில் அடங்காத தரம் பத்தரையில் அப்படியே அடங்குகிறது. எனக்கு இது பெரிய வியப்பு.

நாடு நாடாக விலையையும் தரத்தையும் ஒப்பிடத் தசமம் இல்லாமல் முடியாது. அதை யாரும் மறுக்க வேண்டாம். ஆனால் தசமம் வந்ததும் கீழ்வாயிலக்கம் என்ற இந்தப் பழைய பின்னக் கணக்கைப் பாடப் புத்தகத்திலிருந்தே எடுத்துப்போட்டது பெரும் பிழை. அந்தப் பின்னங்களின் குறிகளுக்கு 2019இல் யூனிகோடில் இடம் கிடைத்துவிட்டது. வகுப்பறையில் இன்னும் கிடைக்கவில்லை.

இங்கிலாந்தின் ஆறாம் ஆண்டுப் பாடத்திட்டம் பின்னத்தைத் தசமமாக்க எடுத்துக்காட்டும் கணக்கும் 3/8, 0.375 தான். லண்டனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடத்தும் ஆசிரியர்களே, அந்தக் கணக்கைப் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு முக்காலையும் அரைக்காலையும் வீசத்தையும் ஒரு பாடவேளையில் சொல்லிக்கொடுங்கள். 3/8 எத்தனை முந்திரி என்று கேளுங்கள். விடை 120.