வாலை நறுக்கினால் முடிந்ததா?

குடல்வால் ஆபரேஷன் என்றால் நம் பக்கத்தில் யாரும் பயப்படுவதில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டிலோ தளவானூர் டீக்கடையிலோ கேட்டுப் பாருங்கள்: "அது ஒண்ணுத்துக்கும் ஒதவாத வால், நறுக்கிப் போட்டா மூணாம் நாள் வீடு." இந்த ஞானம் இப்போது வாட்ஸ்அப்பிலும் உலா வருகிறது, கூடுதல் கண்டுபிடிப்போடு: எடுத்த வாலை லேபுக்கு அனுப்பச் சொல்வது காசு பிடுங்கும் வித்தையாம். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் பாறையையே குடைந்து கோயில் கண்ட தளவானூரில், விரல் நீளச் சதையைத் துருவிப் பார்க்கச் சொன்னால் தண்டச்செலவு!

ஒன்றுக்கும் உதவாத அந்த வால்தான் 'ரோமன் ஹாலிடே' பட நடிகை ஆட்ரி ஹெப்பர்னைக் கொண்டுபோனது. 1992இல் சோமாலியாவின் பஞ்சப் பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பியவருக்கு வயிற்றுவலி. நவம்பரில் லாஸ் ஏஞ்சலீஸ் மருத்துவர்கள் பார்த்தபோது, குடல்வாலில் தொடங்கிய புற்று குடல்மேல் படர்ந்திருந்தது. 1993 ஜனவரி 20 அன்று, 63 வயதில் இறந்தார். ஹாலிவுட் பணத்தாலும் ஒன்றும் ஆகவில்லை. வாலில் வரும் கட்டிகள் சில சாதுவானவை. கார்சினாய்டு என்ற வகைக் கட்டி ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் வாலை எடுத்ததோடு சரி. இரண்டைத் தாண்டினால் பெருங்குடலின் வலப்பாதியும் போகும். ஹெப்பர்னுக்கு வந்ததுபோல் சளி சுரக்கும் கட்டி வேறு ரகம். வால் உப்பி வெடித்தால் செல்கள் வயிறெங்கும் சிந்தி, வருஷக்கணக்கில் கூழாகச் சுரந்து குடலை நெரிக்கும். அப்புறம் வயிற்று உறையை உரித்தெடுத்து, 42 டிகிரி அளவுக்குச் சூடேற்றிய புற்றுமருந்தை உள்ளே சுழலவிட வேண்டும். பத்து மணி நேரமும் ஆகலாம். தைத்த குடல் கசியலாம், ரத்தம் கொட்டலாம், வெள்ளணுக்கள் சரியலாம். மூன்றாம் நாள் வீடு என்பவர்கள் இதையும் கொஞ்சம் கணக்கில் சேர்க்கட்டும்.

"நூத்துல ஒருத்தருக்குத்தானே?" என்பார்கள். ஆமாம், எடுக்கப்படும் வால்களில் ஏறக்குறைய நூற்றில் ஒன்றில்தான் கட்டி. ஹெப்பர்னுக்கு வந்ததோ பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஓரிருவருக்கு வருவது. அந்த ஒருவர் யார் என்று நெற்றியில் எழுதியா இருக்கிறது? பல கட்டிகள் வால் வீங்கிய வலியோடுதான் வந்து சேர்கின்றன. மைக்ராஸ்கோப்பில்தான் முகம் காட்டுகின்றன. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தட்டில் வைத்து "இதான் எடுத்தது" என்று காட்டும்போது சொந்தக்காரர்கள் முண்டியடித்துப் பார்க்கிறார்கள், செல்போனில் படம் பிடிக்கிறவர்களும் உண்டு. அதையே ஃபார்மலின் பாட்டிலில் போட்டு லேபில் கொடுக்கச் சொன்னால் மட்டும் "எதுக்குங்க செலவு?" ஆஸ்பத்திரியில் பார்க்க வருபவர்கள் வாங்கிவரும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் செலவில் சேராது போலிருக்கிறது. எதற்கு அனுப்புகிறோம் என்று ஒரு வரி சொல்லாமல் பாட்டிலைக் கையில் திணிக்கும் டாக்டர்களும் இந்த மூடநம்பிக்கைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்களே.

வால் எடுத்தவர்கள், அதிலும் நாற்பதைத் தாண்டியவர்கள், தையல் பிரிக்கப் போகும் நாளில் அந்த லேப் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். அனுப்பவே இல்லை என்றால், ஏன் அனுப்பவில்லை என்று கேளுங்கள்.