சக்கரம் ஆடினால் ஸ்டியரிங் பெட்டியை முறுக்காதீர்கள்

ஆரம்பாக்கத்திலும் அதை ஒட்டிய பழவேற்காடு ஏரிக்கரைக் கிராமங்களிலும் பழைய ஜீப் வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வண்டி வேகம் எடுத்தால் முன் சக்கரம் ஆடுகிறது, ஸ்டியரிங் கையில் நிற்க மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?" கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே பட்டறைக்குப் போய் வந்தவர்கள். ஸ்டியரிங் பெட்டியை முறுக்கியிருப்பார்கள்; டை ராடு முனைகளைப் புதிதாகப் போட்டிருப்பார்கள். பணம் போயிருக்கும், ஆட்டம் போயிராது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சக்கர ஆட்டத்திற்குக் காரணம் தேடுவது தரையிலிருந்து மேல் நோக்கிப் போக வேண்டும். டயர், ரிம், பேரிங், கிங்பின், இணைப்புக் கம்பிகள், பட்டை, எல்லாவற்றுக்கும் கடைசியில் ஸ்டியரிங் பெட்டி. நம் பட்டறைகளில் பெரும்பாலும் மேலிருந்து தொடங்குகிறார்கள். பெட்டி நடுவில்தான் தேயும். அந்தத் தேய்மானத்துக்காக முறுக்கினால் வளைவில் திருப்பும்போது பெட்டி பிடித்துக்கொள்ளும். திருப்பிய சக்கரம் தானாக நேருக்கு வராது. ஓர் ஆபத்துக்கு இரண்டு ஆபத்தாகும்.

ஏரிக்கரை மண் பாதையில் 20 கி.மீ. வேகத்தில் போகும்போது இந்த நோய் வெளியே தெரியாது. மீன் பெட்டியும் ஐஸும் ஏற்றி, மேலே நான்கு பேர் உட்கார்ந்து, சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் ஏறி 60 கி.மீ. தொடும்போதுதான் தெரியும். அப்போது பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும். ஆகவே இதைச் சில்லறைப் பழுது என்று தள்ளிவிடக் கூடாது.

ஆட்டம் எப்போது வருகிறது என்று ஓட்டுநர் கவனித்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. மெதுவாகப் போகும்போதும் ஆடினால் ரிம் வளைந்திருக்கலாம், டயர் கோணியிருக்கலாம், வீல் நட் தளர்ந்திருக்கலாம். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் வந்து, அதைத் தாண்டினால் குறைந்தால் அது எடைச் சமநிலைக் கோளாறு. பள்ளத்தில் விழுந்து எழுந்தவுடன் பிடித்துக்கொண்டு, வேகத்தை நன்றாகக் குறைத்தால்தான் நிற்கிறது என்றால் கிங்பினிலோ இணைப்புகளிலோ தளர்ச்சி இருக்கிறது என்று கொள்ளலாம். மூன்றாவதுதான் கொடியது.

டயரிலிருந்து தொடங்குவோம். மணலில் புதையாமல் இருக்கக் காற்றை இறக்கிவிட்டு, சாலைக்கு வந்தபின் நிரப்ப மறப்பது இப்பகுதியில் சகஜம். இரு முன் டயரிலும் காற்று சமமாக இருக்க வேண்டும். ரிம்மின் உட்புறத்தில் ஏரிச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தால் சுரண்டி எடுங்கள். ஒரு பக்கம் ஒட்டிய அரைக் கிலோ சேறு போதும், சக்கரம் உதறுவதற்கு. செலவில்லாத வைத்தியம் இது.

அடுத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் அச்சை ஜாக்கியால் தூக்கி, அதன் கீழும் உறுதியான கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். அழுத்தியதும் ஆட்டம் நின்றால் குறை வீல் பேரிங்கில். அழுத்திய பிறகும் ஆடினால் கிங்பினில். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எந்தச் சாமானும் வாங்க வேண்டாம்.

கிங்பினைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பும், அதன் வழிவந்த பழைய வண்டிகளும் ஒற்றை இரும்பு அச்சும் பட்டையும் கொண்டவை. அச்சின் முனையில் உருண்டையான கூடு ஒன்று இருக்கும். அதன் மேலும் கீழும் உள்ள கிங்பின் பேரிங்குகளின் மீதுதான் சக்கரம் திரும்புகிறது. வாயில் உள்ள சீல், உருண்டையைத் துடைத்தபடி தண்ணீரைத் தடுக்கிறது. உப்பு நீரில் இறங்கும் வண்டியில் உருண்டை துருப்பிடித்துச் சொரசொரப்பாகி, சீலைத் தின்றுவிடும். உள்ளே போன உவர்நீர் அடியில் தேங்கி, கீழ் பேரிங்கைத்தான் முதலில் அரிக்கும். மேட்டுநில வண்டிக்கு இல்லாத நோய் ஏரிக்கரை வண்டிக்கு வருவது இப்படித்தான்.

பேரிங் நல்ல நிலையில் இருந்தால், மூடியின் கீழுள்ள மெல்லிய ஷிம் தகடுகளை எடுத்தோ சேர்த்தோ இறுக்கத்தைச் சரிசெய்யலாம். டை ராடைக் கழற்றி, சீலை விலக்கி, மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசை டை ராடு துளையில் மாட்டி இழுத்துப் பார்த்தால் இறுக்கம் தெரியும். வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு அது வர வேண்டும். பள்ளம் விழுந்த பேரிங்கை இறுக்கிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

இணைப்புகளைச் சோதிக்கச் சக்கரம் தரையில் இருக்க வேண்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது அசைக்க, மற்றவர் கீழே பார்க்கட்டும். அசைவு எந்த மூட்டில் தொலைகிறதோ அதை மட்டும் மாற்றினால் போதும். பட்டையின் யு போல்ட்டும் ஷாக்கிள் புஷ்ஷும் அப்போதே பார்த்துவிட வேண்டியவை. வண்டியை உயர்த்தக் காட்டுவதற்காக நீள ஷாக்கிள் போட்டவர்கள் கிங்பினின் சாய்மானத்தைத் தாங்களே கெடுத்துக்கொண்டவர்கள்.

ஸ்டியரிங் டேம்பர் ஒன்றைப் பூட்டி ஆட்டத்தை அமுக்கிவிடும் வழக்கமும் பரவியிருக்கிறது. காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்துப் புண்ணை மூடிவைப்பது போன்றது அது. தளர்ந்த மூட்டு உள்ளே தேய்ந்துகொண்டே இருக்கும்.

1952இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின் கிராமத்துக்கு விரிவாக்கப் பணியைக் கொண்டு சென்றது ஜீப்தான். கழித்த அரசு ஜீப்பை ஏலத்தில் எடுத்தவர்களும் உண்டு. 2023 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகள் உடைப்புக்குத்தான் போக வேண்டும் என்று விதி வந்துவிட்டதால், இனி அந்த வழி இல்லை. கையில் இருப்பதைக் காப்பாற்றுவதே வழி. ஆனால் நாம் விதைக்கும் உரத்துக்கும் முகாம் நடத்துகிறோம், மாட்டுக்குத் தடுப்பூசி முகாம் நடத்துகிறோம், வண்டிக்கு நடத்துவதில்லை. மழைக்கால நீர் வடிந்த தை மாதத்தில், வேளாண்மைப் பொறியியல் துறையும் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆரம்பாக்கத்தில் ஒரு நாள் முன் அச்சுச் சோதனை முகாம் நடத்தலாம். இரண்டு ஜாக்கி, நான்கு கட்டை, ஒரு தராசு, விஷயம் தெரிந்த ஒரு மெக்கானிக் இருந்தால் போதும். உள்ளூர்ப் பட்டறைப் பையன்களையும் அதற்கு அழைக்க வேண்டும்.

அதுவரை, உவர்நீரில் இறங்கிய வண்டியை அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவி, உருண்டையைத் துடைத்து, கிரீஸ் தடவி நிறுத்துங்கள்.