அச்சம் விற்கும் சித்திரங்கள்

உள்ளத்தே தோன்றி உடம்பின்கண் புலப்படும் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியனார், அவற்றுள் ஒன்றாகிய அச்சம் பிறத்தற்குரிய நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினைக் கூறினார். இந்நான்கனுள் ஒன்று நேரில் எதிர்ப்பட்டவிடத்து மக்கள் நடுங்குதல் இயல்பேயாம். நேரில் எதிர்ப்படாதவிடத்தும், அதன் நிழலைக் கண்டு நடுங்குதலில் ஓர் இன்பம் உண்டென்பதைப் பரணி பாடிய புலவர்கள் நன்கு அறிந்திருந்தனர்; கலிங்கத்துப்பரணியில் வரும் பேய்களின் வருணனையைப் படித்து மகிழாதார் அரியர். ஆனால் இவ்வச்சத்தைக் கதை தொடங்குமுன்னரே, கதைக்கு வெளியே, தெருச்சுவரிலும் வண்டியின் தலையிலும் கைப்பேசியின் கண்ணாடியிலும் பரப்பி, அதனையே கதைக்கு ஆள் திரட்டும் பறையாக ஆக்கிய பெருமை சினிமா யுகத்திற்கே உரியது. அத்தொழிலார் கையாளும் யுக்திகள் யாவை, அவற்றுள் தகுவன எவை, தகாதன எவை என்பது பற்றி எமது கருத்தினை இவண் வெளியிட விரும்புகின்றோம். திகிற்படம் காண்டலே தீது என்னும் கட்சியை யாம் சேர்ந்தோமல்லோம் என்பதை முதற்கண் கூறிவிடுதல் நன்று. செவ்விய திகிற்படம் செவ்விய துன்பியல் நாடகம் போன்றே மனத்தைக் கூர்மைப்படுத்த வல்லது.

1920-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரத்துச் சுவர்களில் ஒரு கட்டளை தோன்றிற்று. ‘நீ காலிகாரி ஆகவேண்டும்’ என்பதே அக்கட்டளை. காலிகாரி என்பான் யாவன், அவனாக ஆகவேண்டுவது எற்றுக்கு, அவ்வாறு ஏவுவோர் யாவர் என்பவற்றுள் ஒன்றும் அச்சுவரொட்டிகளில் விளக்கப்படவில்லை. உலகப்பெரும்போரில் தோல்வியுற்று, ஓராண்டிற்குச் சிறிது மேற்பட்ட காலமே கழிந்திருந்த நகரம் அது. சுவரிற் காணும் கட்டளைகளுக்குப் பணிந்து பழகிய ஜனங்கள் அதனை எத்தகைய மனத்தோடு படித்திருப்பர் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். பிப்ரவரி மாதக் கடைசியில் ராபர்ட் வீனே இயக்கிய ‘டாக்டர் காலிகாரியின் அறை’ என்னும் ஊமைப்படம் அந்நகரில் அரங்கேறிய பின்னரே மறைபொருள் விளங்கிற்று. அப்படத்தில், பித்தேறிய ஒருவனைச் சூழ்ந்து, மரக்கிளைகளிலும் ஆகாயத்திலும் சுவர்களிலும் அதே சொற்கள் எழுத்தெழுத்தாகத் தோன்றி அவனை அலைக்கழிக்கின்றன. தெருவில் தம்மைப் பார்த்துக் கூறப்பட்ட சொல்லே திரையில் ஒருவனைப் பித்தனாக்குவதைக் கண்ட மாத்திரத்தில், கொட்டகையில் இருந்தோர்க்குத் தாமும் அப்பித்தனும் ஒருவரேயோ என்னும் ஐயம் எழுந்திருத்தல் கூடும். கோணல் மாணலாக வரைந்த வீடுகளும் சாய்ந்த சாளரங்களும் நிறைந்த அப்படத்திற்கு இதனினும் பொருத்தமான விளம்பரம் ஒன்றை யாம் அறியோம். விளம்பரமும் படமும் ஈண்டு ஒரே கலைப்பொருளின் இரு கூறுகளாய் நின்றன.

1931-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பிராங்கன்ஸ்டைன்’ என்னும் படத்தின் தொடக்கத்தில் நடிகர் பெயர்களைக் காட்டும்பொழுது, அப்பூதமாக நடித்தவர் பெயருக்கு நேரே ஒரு வினாக்குறி மட்டுமே இருந்தது. திரைச்சீலையின் பின்னிருந்து ஒரு கனவான் வெளிப்பட்டு, மெல்லிய மனத்தினர் எழுந்து செல்லலாம் என்று மரியாதையாக எச்சரிக்கையும் செய்தார். எழுந்து சென்றவர் எத்தனை பேர் இருந்திருப்பர்! பின்னர் வில்லியம் காசில் என்னும் அமெரிக்கர், 1958-இல் தாம் எடுத்த ‘மக்காபர்’ என்னும் படத்தைக் கண்டு அச்சத்தால் உயிர் துறப்பார் குடும்பத்திற்கு ஆயிரம் டாலர் கிடைக்குமாறு லண்டன் லாயிட்ஸ் மூலம் காப்புறுதி செய்திருப்பதாக விளம்பரப்படுத்தினார். மறு ஆண்டில் பார்வையாளர் தலைக்குமேல் கம்பியில் எலும்புக்கூட்டை ஓடவிட்டார். இருக்கைகளின் அடியில் அதிரும் இயந்திரங்களைப் பொருத்தினார். இவையெல்லாம் திருவிழாக் கூத்து. நகைத்துவிட்டு அப்பாற் செல்வோம்.

சித்திரக்கலையின் முறையில் அச்சத்தை எழுப்பும் உயர்ந்த யுக்தி மறைத்தலேயாம். 1973-ஆம் ஆண்டின் ‘எக்சார்சிஸ்ட்’ படத்திற்குப் பில் கோல்டு அமைத்த சுவரொட்டியை நோக்குக. இருள் சூழ்ந்த தெரு. விளக்குக் கம்பத்தின் கீழ் தொப்பியணிந்து கைப்பெட்டியோடு நிற்கும் ஒரு மனிதன். அவன் முகம் நமக்குத் தெரியவில்லை. எதிரேயுள்ள வீட்டின் மேன்மாடச் சாளரத்திலிருந்து ஒளிக்கற்றை அவன்மேல் விழுகின்றது. ரத்தம் இல்லை, பேய் இல்லை, பல் இல்லை, நகம் இல்லை. ஒளி என்பது பாதுகாப்பிற்கு அடையாளம் என்று நம் கண் குழந்தைப்பருவம் முதல் கற்றிருக்கின்றது. அவ்வொளியே தீமை உறையும் அறையிலிருந்து வருதலால் கண் திகைக்கின்றது. ரெனே மகரித் என்னும் பெல்ஜிய ஓவியர், பகல்வானத்தின் கீழ் இரவுத்தெருவை வரைந்த சித்திரத் தொகுதி ஒன்று உண்டு; அதன் சாயல் இக்காட்சியிற் படிந்திருக்கின்றது. ஓவியம் பயில்வார் இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குதல் நலம்.

‘ஜாஸ்’ என்னும் 1975-ஆம் ஆண்டின் சுறாமீன் படத்திற்குரிய சித்திரமோ மறைப்பதன்று, காட்டுவது. ஆயினும் அதன் வன்மை காட்டும் பொருளில் இல்லை, அளவில் இருக்கின்றது. ரோஜர் காஸ்டெல் என்னும் ஓவியர் பீட்டர் பெஞ்ச்லியின் நாவலுக்கு மேலட்டையாக வரைந்த ஓவியம் அது. மேலே ஒரு மெல்லிய கோடு நீர்ப்பரப்பாக நிற்க, அதன்மேல் ஒரு பெண் சிறியளாய் நீந்துகின்றாள்; கீழே, எவ்வுயிர்நூலும் ஒப்பாத பேரளவினதாய், அம்பு போல மேல்நோக்கி எழுகின்றது சுறாவின் வாய். நீந்துவாள் அதனைக் கண்டிலள், நாம் காண்கின்றோம். அறிந்தவன் அறியாதவளுக்கு உரைக்க இயலாத நிலையில், அச்சத்தோடு இரக்கமும் கலந்து நெஞ்சை நெருக்குகின்றது. சித்திரத்தைக் கண்ட கண் கடலைக் காணுந்தோறும் நீரின் அடியில் ஒன்றைத் தேடும். இவ்வாறு பார்ப்பவனைத் தானே கற்பனை செய்யும்படி விடுவதில் ஒரு மரியாதை இருக்கின்றது. 1979-இல் வந்த ‘ஏலியன்’ படத்தின் சுவரொட்டியிலும் கருவெளியில் மிதக்கும் ஒரு முட்டையும் அதன் வெடிப்பிற் கசியும் பசுமையொளியுமே உள. அம்முட்டை படத்தில் வரும் முட்டையை ஒத்ததுமன்று. அதனால் என்ன? வெடிப்பின் உள்ளே இருப்பது யாது என்னும் வினாவே கொட்டகைக்கு வழிகாட்டிற்று.

ஹிட்ச்காக் என்னும் ஆங்கில இயக்குநர் இவ்வகையிற் பெருங்கள்வர். 1960-ஆம் ஆண்டில் ‘சைக்கோ’ படத்திற்கு அவர் எடுத்த முன்னோட்டத்தில், கொலை நிகழ்ந்த வீட்டைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டியைப் போல ஆறு நிமிஷங்கள் உலாவுகின்றார். ஈண்டு இன்னது நிகழ்ந்தது என்று தொடங்கி, சொல்லாமல் விடுகின்றார். கடைசியிற் குளியலறைத் திரையை விலக்குகின்றார். ஒரு பெண் அலறுகின்றாள். அவ்வலறலும் கதைநாயகியுடையதன்று, வேறொரு நடிகை பொய்ம்மயிர் அணிந்து அலறியது! கதையின் முடிச்சு அவிழாமல், அச்சம் மட்டும் கைம்மாறிற்று.

நிற்க. மறைத்தலால் விளையும் அச்சம் சிந்தையின் வழியே வருவது. சிந்தையைக் கேளாமலே உடம்பை உலுக்கும் அச்சமும் ஒன்றுண்டு. எதிர்பாராப் பேரொலியோ, கண்ணை நோக்கி விரைந்து பெருகும் உருவமோ தோன்றுங்கால், வினாடியின் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்த காலத்தில் இமை மூடுகின்றது, கழுத்து உள்ளிழுக்கின்றது, பின்னரே அஃது இன்னதென்று அறிவு உணர்கின்றது. கல்லெறிக்கும் பாம்பிற்கும் தப்பவேண்டி உயிர்கட்கு வாய்த்த காவல் அது. இக்காலத்து முன்னோட்டங்கள் மிகுதியும் நம்பியிருப்பது இதனையே. சில வினாடி நிசப்தம், வெற்று நடைக்கூடம், பின்னர்த் திரை நிறைய ஒரு முகம், உடன் ஒரு வீறிடல். இதில் ஓவியத்திறனும் இல்லை, கதைத்திறனும் இல்லை. பின்னால் வந்து காதருகே தகரம் தட்டும் சிறுவனும் இதனைச் செய்வான் என்பது எம் கருத்து.

முகத்தைக் கொண்டே நயமாகச் செய்தாரும் உளர் என்பதை மறைக்கலாகாது. ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ என்னும் படம் ஏறத்தாழப் பதினைந்தாயிரம் டாலரிலே எடுக்கப்பட்டது. 2009-ஆம் ஆண்டில் அதன் முன்னோட்டத்தில் படத்தைவிட மிகுதியாகக் காட்டப்பட்டவர்கள், இருட்கொட்டகையில் அமர்ந்து அலறிய பார்வையாளரே. அஞ்சிய முகத்தைக் கண்டு அஞ்சுதல் மக்கட் கூட்டத்தின் பழைய வழக்கமாதலின் அவ்வுபாயம் பலித்தது. 2022-இல் ‘ஸ்மைல்’ படத்திற்காக அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டங்களில், தொலைக்காட்சிக் கருவிக்கு நேரே தெரியும் இருக்கைகளிற் சிலர் அமர்த்தப்பட்டனர். அவர்கள் அசையாமல், இமையாமல், பல் தெரியச் சிரித்தவாறே இருந்தனர். வேறொன்றும் செய்திலர். சிரிப்பு நட்பின் குறி. அஃது ஓயாது நிற்குமாயின் நட்பு நஞ்சாகின்றது. ஒருவரையும் துன்புறுத்தாது, நோக்கியவன் மட்டும் நடுங்க அமைந்த அவ்விளம்பரத்தை யாம் பாராட்டவே செய்கின்றோம்.

ஆயின் 1999-ஆம் ஆண்டின் ‘பிளேர் விட்ச் பிராஜக்ட்’ பற்றி அவ்வாறு பாராட்ட எமக்கு மனம் வரவில்லை. காட்டிற்குச் சென்ற மூன்று மாணவர் மீண்டிலர், அவர் எடுத்த படச்சுருள் மட்டும் அகப்பட்டது என்பது கதை. அதற்கு விளம்பரமாக, காணாமற்போனோரைத் தேடும் அறிவிப்பைப் போலவே, முகப்படமும் அடையாளமும் கொண்ட தாள்கள் ஒட்டப்பட்டன. இணையத்தளத்திலும் அது மெய்ந்நிகழ்ச்சி போலவே எழுதப்பட்டது. நடித்த மூவர்க்கும் கதையில் வழங்கிய பெயர் அவர்தம் சொந்தப் பெயரே. அந்நடிகையின் தாயார்க்குத் துக்கம் விசாரித்துக் கடிதங்கள் வந்தன. படமோ உலகெங்கும் ஏறத்தாழ இருபத்தைந்து கோடி டாலர் ஈட்டியது. 2024-ஆம் ஆண்டிலும் அம்மூவரும், தமக்குரிய பங்கு வேண்டுமெனப் பகிரங்கமாகக் கேட்கும் நிலையிலேயே இருந்தனர். பலர் இவ்விளம்பரத்தைப் புதுநெறி கண்ட மேதையின் செயல் எனப் புகழ்வர். தகுதியாக்கப்பட்ட சித்திரமுறை மிகச் சாமர்த்தியமானதே. ஏனெனில் அலங்காரமற்ற கறுப்பு வெள்ளைத் தாளினும் அஞ்சத்தக்க சித்திரம் பிறிதில்லை. ஆனால் அத்தாளின் வலிமை எங்கிருந்து வந்தது? மெய்யாகவே பிள்ளையை இழந்த தாய்தந்தையர் கம்பந்தோறும் ஒட்டிய தாள்களிலிருந்து வந்தது. அதனைக் கடன்வாங்கியவர் திருப்பிக் கொடுக்க வழியில்லை. ஒரு தாள் பொய்யென்று கண்டவன் அடுத்த தாளின்முன் நில்லாது செல்வானாயின், அவ்வடுத்த தாள் யாருடையதாக இருக்கும்? குறும்படம் எடுக்கும் விருப்புடைய எம் மாணவர், கையிற் பொருளின்றி விளம்பரம் செய்யப் புகும்பொழுது, இவ்வழி எளிதெனத் தோன்றும். ஆதலின் இதனைச் சற்று விரித்துக் கூறினோம்.

இனி, தாமே விரும்பி வந்தாரையன்றி வழியிற் போவாரை அச்சுறுத்தும் விளம்பரங்களுக்கு வருவோம். 2007-ஆம் ஆண்டில் ‘காப்டிவிட்டி’ என்னும் படத்திற்காக லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் பெரும்பலகைகளிலும் நியூயார்க் நகரத்து வாடகை வண்டிகளின் மேலும் நான்கு சித்திரங்கள் வரிசையாக நின்றன. ஒரு பெண் கடத்தப்படுதல், அடைக்கப்படுதல், வதைக்கப்படுதல், இறத்தல் என்பனவே அவை. அமெரிக்கத் திரைப்படச் சங்கம் இசைவு மறுத்த சித்திரங்கள் அவை, மறுத்தும் வெளியிடப்பட்டன. பள்ளிக்குச் செல்லும் சிறார் அவற்றைக் கடந்து செல்ல நேர்ந்தது. பெற்றோர் கிளர்ந்தெழவே பலகைகள் இறக்கப்பட்டன. சங்கமும் அப்படத்திற்குத் தரவகுப்பு அளிப்பதைச் சில காலம் நிறுத்தி வைத்தது.

2018-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இன்னும் நுட்பமானது. ‘தி நன்’ என்னும் படத்திற்கு யூடியூபில் ஆறு வினாடி விளம்பரம் ஒன்று வந்தது. கைப்பேசியில் ஒலியைக் குறைக்குங்கால் தோன்றுமே ஒரு குறி, அஃது அவ்விளம்பரத்தின் தொடக்கத்தில் தோன்றி, ஒலி குறைவதுபோற் காட்டியது. தன் கருவியே அவ்வாறு செய்கின்றதென மயங்கிய பார்வையாளன் திரையை உற்று நோக்கும் அக்கணத்தில், கோர முகம் ஒன்று வீறிட்டுப் பாய்ந்தது. பலர் முறையிட்டனர், அந்நிறுவனமும் தனது விதிக்கு மாறுபட்டதெனக் கூறி அவ்விளம்பரத்தை நீக்கிற்று. ஒருவன் தன்னைக் காத்துக்கொள்ளக் கையாளும் குறியையே அவனுக்குக் கண்ணியாக வைத்தல், திருடன் காவற்காரன் உடையில் வருவதை ஒக்கும்.

விரும்பாதவன் கண்ணை மூடிக்கொள்ளட்டுமே என்று வாதிடுவார் உண்டு. மூடவேண்டும் என்று அறிவதற்குள் கண்டாயிற்று என்பதே அதற்கு விடை. முற்கூறிய இமையின் கதை அதற்குச் சான்று. கொட்டகைக்குள் நுழைபவன் சீட்டு வாங்கும்பொழுதே அஞ்சுவதற்கு உடன்படுகின்றான். அவன் வயதையும் வாயிற்காவலன் பார்க்கின்றான். சுவருக்கு வாயில் இல்லை. நோயாளியும், கருவுற்றாளும், மெய்யாகவே வன்முறைக்கு ஆளாகி அதனை மறக்க முயல்வாளும் அவ்வழியேதான் செல்லவேண்டும். பேச்சுரிமையைக் குறைப்பதாக இதனைக் கொள்ளுதல் பொருந்தாது. படத்தை எவரும் தடைசெய்ய வேண்டுமென யாம் கேட்டிலோம்.

அமெரிக்கக் கொட்டகைகளிற் காட்டப்படும் முன்னோட்டங்களுக்குப் பச்சைப்பட்டை, செம்பட்டை என்னும் அடையாளங்கள் உண்டு. தகுந்த பார்வையாளர்க்கு ஏற்பன எவை, வளர்ந்தோர்க்கு மட்டும் உரியன எவை என்பதை அவை தெரிவிக்கும். அவ்வேற்பாட்டைத் தெருப்பலகைக்கும், தள்ளிவிட இயலாத கைப்பேசி விளம்பரத்திற்கும் விரித்தல் அரிய காரியமன்று. வயதுவந்தோர்க்குரிய படத்தின் விளம்பரம் தானே ஓடத் தொடங்காமல், பார்ப்பவன் விரலால் தொட்ட பின்னரே ஓடவேண்டும். பெருஞ்சாலைப் பலகையிற் சித்திரம் எழுதுவோர், பில் கோல்டு செய்தவாறு, ஒரு விளக்கும் ஒரு சாளரமும் கொண்டு செய்துகொள்ளட்டும்.