டவுனில் ஒரு பெர்மிட் ரூம்

டிராம்பேவாசிகளான எங்களுக்கு 'டவுன்' என்றால் விடி ஸ்டேஷன், ஃபோர்ட், கொலாபா மட்டும்தான். முப்பது வருஷமாகச் செம்பூரில் இருப்பவர்கூட "நாளைக்கு டவுனுக்குப் போறேன்" என்றுதான் சொல்வார், ஏதோ பக்கத்துக் கிராமத்திலிருந்து கிளம்புகிற மாதிரி. 2013-ல் ஈஸ்டர்ன் ஃப்ரீவே வந்த பிறகு போகிற நேரம் பாதியாகிவிட்டது. ஆனாலும் அது டவுன், இது நம்ம ஏரியா.

அந்த டவுனில், ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிப்போக நான் ஒரு இடம் வைத்திருந்தேன். இரானிக்காரர் கடையாக ஆரம்பித்து, பிற்பாடு பெர்மிட் ரூம் ஆன இடம். பெயர் வேண்டாம். அதன் உள்ளலங்காரத்தை மாற்றிவிட்டார்கள். அதைப் பற்றிய புலம்பல்தான் இது.

புதிதாக மும்பை வந்தவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். 1949-ல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் வந்தபோது, உடம்புக்குத் தேவை என்று பெர்மிட் வைத்திருப்பவர்தான் குடிக்கலாம் என்று ஆயிற்று. மதுவிலக்கு தளர்ந்துவிட்டது, பெயர்ப்பலகையில் 'பெர்மிட் ரூம்' மட்டும் தங்கிவிட்டது. சட்டப்படி இன்றும் குடிப்பவர் கையில் பெர்மிட் இருக்க வேண்டும். (எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள்!)

பழைய இரானிக் கடைகளின் அழகே உள்ளே இருப்பதுதான். பளிங்கு மேஜை, வளைத்த மரத்தில் செய்த கறுப்பு நாற்காலி, உயரமான கூரை, சுவர் முழுக்கக் கண்ணாடி. கூடவே 'இது செய்யாதே, அது செய்யாதே' என்று ஒரு பலகை. நிசிம் எசகியேல் அப்படி ஒரு பலகையை வைத்து ஆங்கிலத்தில் கவிதையே எழுதியிருக்கிறார். அங்கே பெரிய அதிகாரியும் டாக்ஸி ஓட்டுபவரும் அடுத்தடுத்த மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு டீ, ஒரு பன் மஸ்கா, ஒரு மணி நேரம். யாரும் எழுப்பமாட்டார்கள்.

போன மாதம் தஞ்சாவூரிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். எழுபத்தி மூன்று வயது. எப்போதாவது ஒரு பீர், அவ்வளவுதான். மனைவியும் வந்தாள். உள்ளே நுழைந்தால் ஒரே இருட்டு. பளிங்கு மேஜைகளைக் காணோம். ப்ளைவுட்டில் கறுப்பு வார்னிஷ் அடித்து இங்கிலாந்து பப் மாதிரி 'செட்' போட்டிருக்கிறார்கள். சுவரில் லண்டன் பஸ் படம், சிவப்பு டெலிபோன் பெட்டி. ஆள் உயரத்துக்கு மேஜை, முதுகு சாயாத ஸ்டூல். சித்தப்பா அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இதுல ஏற ஏணி தருவாங்களா?" என்றார். பாட்டு வேறு காதைக் கிழித்தது. மாற்றியே ஆகவேண்டிய கழிப்பறையை மட்டும் அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். அந்த விஷயத்தில் பாரம்பரியத்தைக் காப்பாற்றிவிட்டார்கள்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், லண்டனில் 2010-ல் ஆரம்பித்த டிஷூம் என்ற உணவகம் பம்பாய் இரானிக் கடை மாதிரியே உள்ளலங்காரம் செய்து சக்கைபோடு போடுகிறது. அவர்களே 2023-ல் பிரைட்டனில் 'பெர்மிட் ரூம்' என்ற பெயரிலேயே ஒரு பார் திறந்தார்கள். அவன் நம்முடைய பழைய நாற்காலியைத் தேடி எடுத்துப் போட்டுக் காசு பார்க்கிறான். நாம் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு அவனுடைய பஸ் படத்தை மாட்டுகிறோம்.

கடைக்காரர் கஷ்டம் புரியாமல் இல்லை. பங்காளிகள் அதிகம், பிள்ளைகள் வெளிநாட்டில், இளைஞர் கூட்டம் வந்தால்தான் கல்லா நிறையும். ஆனால் பழசை வைத்தால் கூட்டம் வராது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1871-ல் தொடங்கிய லியோபோல்டில், 2008 நவம்பர் தாக்குதலின் குண்டுத் தடங்களைச் சுவரில் அப்படியே விட்டிருக்கிறார்கள். பக்கத்தில் மாண்டெகரில் மரியோ மிராண்டாவின் கார்ட்டூன்கள் சுவர் முழுக்க இருக்கின்றன. இரண்டு கடையிலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. குடியை விடுங்கள், நம் மாட்டுங்காவில் 1942-லிருந்து நடக்கும் ராமநாயக் உடுப்பியில் மதியச் சாப்பாட்டுக்கு நிற்கும் வரிசையைப் பாருங்கள். அங்கே என்ன, லேசர் லைட்டா போட்டிருக்கிறார்கள்?

"ஒரு பார் அலங்காரத்துக்கு இவ்வளவு அழுகையா?" என்று கேட்பீர்கள். ஊரில் சித்தப்பாவுக்கு இருப்பது டாஸ்மாக். 2003 முதல் சில்லறை விற்பனை முழுக்க அரசாங்கத்தின் கையில். அவர் ஊரில் அதையொட்டிய பார் என்றால் தகரக் கொட்டகை, காலடியில் பிளாஸ்டிக் டம்ளர், சுண்டல் பொட்டலம். தெரிந்தவர் கண்ணில் படாமல் ஒளிந்து போய், நின்றபடியே ஊற்றிக்கொண்டு, ஓடி வர வேண்டும். அப்படிக் குடிக்கிறவன் அளவோடு குடிப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. இங்கே அவர் மருமகள் எதிரில் ஃப்ரெஷ் லைம் சோடா குடிக்க, ஒரே பீரை முக்கால் மணி நேரம் வைத்துக்கொண்டு, தன்னுடைய பழைய ஆபீஸ் கதையெல்லாம் சொல்வார். போன தடவை பில் வந்ததும், "மரியாதையா உட்கார வச்சுக் கொடுக்கிறான்ப்பா" என்றார். அந்த மரியாதையில் பாதி அந்தப் பளிங்கு மேஜையும் சாயும் நாற்காலியும் கொடுத்தது.

இந்தத் தடவை பத்து நிமிஷம் நின்றுவிட்டு வெளியே வந்துவிட்டோம். தோபி தலாவில் 1904-லிருந்து இருக்கும் கியானிக்குப் போய் டீயும் பன் மஸ்காவும் சாப்பிட்டோம். சித்தப்பாவுக்கு பீர் இல்லையே என்ற வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, இன்னொரு டீ சொல்லச் சொன்னார்.