அந்த டிசம்பரில் வண்டி எங்கே நின்றது?

நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடைக்கு வரும் எங்கள் கோஷ்டி முன்பெல்லாம் சர்க்கரை, முழங்கால், அமெரிக்கப் பேரன் என்று மூன்றே விஷயம்தான் பேசும். ஆறு மாதமாக நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: செகண்ட் ஹேண்ட் எலெக்ட்ரிக் கார். சேர்த்துவிட்டவன் அடியேன்தான்.

ஆசையைக் கிளப்பியது விலை. கியா இவி6 கார் 2022 ஜூனில் இந்தியாவுக்கு வந்தபோது ஷோரூம் விலையே 59.95 லட்சம். நான்கு சக்கரமும் இழுக்கும் மாடல் இன்னும் 5 லட்சம் கூடுதல். 325 குதிரைசக்தி, நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 5.2 விநாடி. போன தீபாவளிக்கு முன் ஒரு புரோக்கர் அந்த மாடலில் வெள்ளை வண்டி ஒன்றைக் காட்டி 34 லட்சம் என்றார். ஓடியது 21,000 கிலோமீட்டர்தானாம். முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் கார் லோன் கொடுத்த நான் ஓட்டியது ஒரு பத்மினி, பிறகு ஒரு மாருதி. அவ்வளவே. கை துறுதுறுத்தது.

"லஸ் கார்னரிலேர்ந்து அடையாறு போக 325 குதிரை எதுக்கு?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. 2023 நவம்பரிலிருந்து சென்னைக்குள் காருக்கு அதிகபட்ச வேகமே 60. மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருக்கும் மயிலாப்பூரில் அதுவும் சொப்பனம்தான். ஆனாலும் வேகத்துக்கு எதிராக நான் பேசப் போவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தியதும் முதுகு சீட்டில் போய் ஒட்டிக்கொண்டது. சத்தமே இல்லை. அறுபத்தொன்பது வயதில் அப்படி வாய்விட்டுச் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

என் ஆட்சேபம் வேறு. பழைய கார் வாங்குகிறவன் கையில் முன்பெல்லாம் சில ஆயுதங்கள் இருந்தன. புதுப்பேட்டையிலிருந்து தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போவோம். டிப்ஸ்டிக்கை உருவி ஆயிலை விரலில் தேய்த்துப் பார்ப்பார். நீலப் புகை வந்தால் ரிங் போச்சு என்பார். காதை வைத்தே டாப்பெட் தட்டுவதைச் சொல்லிவிடுவார். பழக்க தோஷத்தில் இதற்கும் அவரைத்தான் கூப்பிட்டேன். பானெட்டைத் திறந்தவர் சிரித்துவிட்டார். "இதுல நான் என்ன சார் பாக்கறது? டயரை வேணா பாக்கறேன்."

விலையில் பெரும்பங்கு பேட்டரிக்குத்தான். அதுவோ தரைக்கு அடியில் சீல் வைத்துக் கிடக்கிறது. டாஷ்போர்டில் 100 சதவீதம் என்று காட்டுவதை நம்பிப் பயனில்லை. குடம் நிறைந்திருக்கிறது என்று அது சொல்லும். குடம் எவ்வளவு சுருங்கிப் போயிருக்கிறது என்று சொல்லாது. சர்வீஸ் சென்டரில் கருவியை மாட்டி, பேட்டரியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று ரிப்போர்ட் எடுக்கலாம். அதைக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு அங்கிள், எட்டு வருஷம் வாரண்டி இருக்கே" என்றார் புரோக்கர்.

8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பது நிஜம்தான். ஆனால் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு அந்த வாரண்டி உதவாது.

எனக்கு 2023 டிசம்பர் 4 ஞாபகம் வந்தது. மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார்கள் வரிசையாக மிதந்து போன வீடியோவைப் பார்க்காதவர் யார்? அப்படி மூழ்கும் வண்டிகளில் பலவற்றை இன்ஷூரன்ஸ் கம்பெனி முழு நஷ்டம் என்று எழுதி ஏலத்தில் விட்டுவிடும். அவை துடைத்து மெழுகப்பட்டு மறுபடி சந்தைக்கு வருவதும் உண்டு. பேட்டரிக்குள் தண்ணீர் புகாதபடிதான் கட்டியிருக்கிறார்கள். ஆனால் சாலையில் மழைநீரைக் கிழித்துப் போவது வேறு. சாக்கடைத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறுவது வேறு. கனெக்டர்களில் பிடிக்கும் அரிப்பு மாதங்கள் கழித்துத்தான் வேலையைக் காட்டும்.

வங்கிப் புத்தி சும்மா இருக்குமா? பழைய பாலிசிகளைக் கொண்டு வரச் சொன்னேன். 2023 அக்டோபரில் 20 சதவீதம் இருந்த நோ க்ளெய்ம் போனஸ், 2024-இல் சைபர். என்ன க்ளெய்ம் என்றால், "பம்பர் அங்கிள்." இருக்கலாம், பம்பருக்கும் போனஸ் போகும். பின் சீட்டின் பெல்ட்டை முழுசாக, கடைசி வரை இழுத்தேன். நுனியில் ஒரு சாண் நீளத்துக்குக் காய்ந்த சேற்றுக் கறை. வண்டி முழுக்கக் கழுவியவர்களுக்கு அந்த ஒரு சாண் தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

எனக்குத் தெரிந்தது என் சாமர்த்தியம் அல்ல, அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி 34 லட்சம் போடச் சொல்வது அக்கிரமம். எலெக்ட்ரிக் காருக்குப் புகைச் சான்று தேவையில்லை. அந்த இடத்தில் பேட்டரிச் சான்று கேட்கட்டுமே! ஆர்.டி.ஓ.வில் பெயர் மாற்ற ஃபாரம் 29, 30 கொடுக்கும்போது ஒரு மாதத்துக்குள் எடுத்த பேட்டரி ரிப்போர்ட்டும் கூட இருக்க வேண்டும். எந்த வண்டியை முழு நஷ்டம் என்று எழுதினோம் என்பது இன்ஷூரன்ஸ்காரர்களுக்குத் தெரியும். பரிவாஹன் தளத்தில் கடன் பாக்கி தெரிகிறது, பாலிசி முடியும் தேதி தெரிகிறது. பக்கத்தில் இதையும் ஒரு வரி போட்டால் என்ன? 2024-இல் சார்ஜிங் கட்டுப்பாட்டுக் கருவிக்காக 1,138 இவி6 கார்களைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிபார்த்தது. இந்த வண்டிக்கு அது நடந்ததா என்பதும் அங்கேயே தெரியட்டும்.

விற்பவருக்குத் தொல்லை என்பார்கள். நாணயமாக விற்பவருக்கு இப்போதுதான் தொல்லை. நல்ல பேட்டரிக்கும் நனைந்த பேட்டரிக்கும் வித்தியாசம் தெரியாதபோது, வாங்க வருகிறவன் எல்லாவற்றையும் நனைந்ததாக நினைத்துத்தான் விலை கேட்பான்.

இப்போது தி.நகரில் ஒரு டாக்டரின் வண்டி வருகிறது. ரிப்போர்ட் கேட்டேன், முகம் சுளிக்காமல் சனிக்கிழமை எடுத்துத் தருகிறேன் என்றிருக்கிறார். எங்கள் ஃபிளாட்டில் சார்ஜிங் பாயிண்ட் போட அசோசியேஷனிடம் சம்மதம் வாங்குவது தனிக் கதை.

அந்த வெள்ளை வண்டி இரண்டே வாரத்தில் விற்றுப் போயிற்று என்று கேள்வி. வாங்கியவர் யாரோ. பச்சை நம்பர் பிளேட்டுடன் வெள்ளைக் கார் எதிரே வந்தால், ஸ்டியரிங்கில் இருப்பவர் முகத்தைப் பார்க்கிறேன்.