ஒரே வீடு, ஒரே மாத்திரை

மாதம் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு அந்த அக்கா வருவார். அம்மாவுக்குச் சர்க்கரை பார்த்து, மெட்ஃபார்மின் அட்டையைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அது. நல்ல திட்டம். அதே வீட்டில் அதே மெட்ஃபார்மினை நானும் விழுங்குகிறேன். நான் மட்டும் காசு கொடுத்து வாங்குகிறேன். அக்காவின் பட்டியலில் என் நோய் இல்லை.

எனக்குச் சினைப்பை நீர்க்கட்டி. பெயரே பாதிப் பொய். ஸ்கேனில் தெரிபவை கட்டிகள் அல்ல, முழுதாக வளராமல் நின்றுவிட்ட சினைமுட்டைப் பைகள். எங்களில் பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அதனால் உடம்பு அதை மேலும் மேலும் சுரக்கிறது, அது சினைப்பையில் ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போகிறது, முகத்தில் முடி வளர்கிறது. குழந்தைபெறும் வயதிலுள்ள பெண்களில் 10 முதல் 13 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இத்தனை பேருமா வாயைக் கட்டாமல் நோயாளி ஆனோம்?

கானாடுகாத்தானின் பெரிய வீடுகளில் முகப்பு ஆண்களுக்கு, உள்கட்டு பெண்களுக்கு. சின்ன வீட்டுக்காரர்களான எங்களுக்கும் பெண் உடம்பைப் பற்றிய பேச்சு இன்னும் உள்கட்டுப் பேச்சுத்தான். “கல்யாணம் ஆனா சரியாயிரும்” என்கிறார் அத்தை. பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படக் கூடாதென்று என் மாத்திரையை அரிசி டின்னுக்குப் பின்னால் வைக்கிறார் அம்மா. “குழந்தை வேணும்கிறப்ப வாங்க” என்றார் நான் பார்த்த மருத்துவர். அப்போது எனக்கு வயது 19. அவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது என் கர்ப்பப்பை. நான் தெரியவில்லை.

ஜவுளிக்கடையில் என் சம்பளம் 9,000 ரூபாய். ஸ்கேன், ஹார்மோன் பரிசோதனை என்று ஒரே நாளில் 3,200 போனது. அரசு மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் பிடிப்பார்கள். காப்பீட்டு அட்டை இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் அது உதவும். ஆயுள் முழுக்க நடந்தே போய்ப் பார்க்கும் நோய்க்கு அதில் என்ன இருக்கிறது?

ரசீது இல்லாத செலவு ஒன்றும் உண்டு. கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்த மாதங்கள். தங்கை கல்யாணத்தில் புகைப்படத்துக்கு நிற்காமல் சமையற்கட்டிலேயே இருந்த நாள். இந்த நோயுள்ள பெண்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் அதிகம். நோய் உறுதியானதுமே எல்லோரிடமும் அதை விசாரிக்க வேண்டும் என்கிறது 2023-இல் வந்த சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல். போன இடமெல்லாம் என் எடையைப் பார்த்தார்கள். தூக்கம் வருகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அம்மாவுக்குத் தருவதைக் குறைக்கச் சொல்லவில்லை. எங்களையும் பட்டியலில் சேருங்கள். எங்கள் மனதைப் பற்றியும் ஒரு கேள்வி கேளுங்கள். கல்யாணத்துக்கும் குழந்தைக்கும் முன்பே நாங்கள் நோயாளிகள்தான்.

அடுத்த முறை அக்கா வரும்போது அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து என் அட்டையை எடுத்து அம்மாவின் அட்டைக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறேன். தோழிகளே, உங்கள் வீட்டில் ஒளித்து வைத்திருப்பதையும் எடுங்கள்.